கிழக் குதிரைக்குப் பட்ட கடன்

சான்பாடாவிலிருந்து பேருந்தேறி, வாஷிப் பாலத்தின்மேல் தானே கழியைக் கடந்து, மான்கூர்டைப் பின்னிட்டுச் செம்பூரை நெருங்குகிறவர்கள், நடத்துநர் 'பாஞ்சராபோள்' என்று ஒரு நிறுத்தத்தின் பெயரைக் கூவக் கேட்டிருப்பார்கள். இந்தப் பக்கத்தில் முப்பது நாற்பது ஆண்டுகளாகக் குடியிருந்துவரும் நம்மவர்களுள்ளும் அச்சொல்லின் பொருளை விசாரித்தறிந்தவர் மிகச் சிலரே. 'பிஞ்ரா' என்பது கூடு. 'போள்' என்பது குஜராத்தி வழக்கில் வாயிற்கதவிட்டு அடைத்த வளவு. உழைக்கும் திராணி ஒழிந்துபோன விலங்குகளை வைத்துக் காக்கும் வளவுக்கு மேற்கிந்தியாவில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் பெயர் அது. கழிமுகத்து உப்புக்காற்றும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நெடியும் கலந்து வீசும் அந்தச் சாலையில், முதுமையடைந்த ஜீவன்களுக்கு மனிதன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்ற பழங்கேள்வியை ஒரு பேருந்து நிறுத்தம் தன் பெயரில் சுமந்துகொண்டு நிற்கிறது.

பம்பாயில் இந்த மரபு நிலைபெற்ற வரலாறு சுவையானது. 1832ஆம் ஆண்டில் தெருநாய்களைக் கொன்றொழிக்கக் கம்பெனி அரசாங்கம் இட்ட உத்தரவு பார்ஸிகளையும் அவர்களோடு பிற சமூகத்தாரையும் கொதித்தெழச் செய்து கலகத்தில் முடிந்தது. அந்தக் கலகத்தின் சூடு ஆறுமுன், 1834இல், பிற்காலத்தில் சர் பட்டம் பெற்ற ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் அமிசந்த் ஷா என்ற வணிகரும் முன்னின்று புலேஷ்வரில் பம்பாய்ப் பாஞ்சராபோளை ஸ்தாபித்தார்கள். அதே நூற்றாண்டின் எண்பதுகளில் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை எழுந்தது. அதனருகே 1886இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கிற்று. இத்தனை விரைவாக இத்தனை ஸ்தாபனங்களைக் கண்ட நகரம் இந்தியாவில் வேறொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும், இந்த அறங்களின் நடுவில் நிற்பது பசு. 1971இல் பம்பாய்ப் பாஞ்சராபோளின் தொழிலாளர் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, பால் விற்பனை முதலியவற்றால் அந்த ஸ்தாபனத்தின் காரியங்கள் வியாபாரத்தின் தன்மையை அடைந்துவிட்டன என்று கண்டு, தொழில் தகராறுச் சட்டத்தின்படி அது ஒரு தொழிலே என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பசு, கறவை வற்றிய பின்னும் சாணத்தைத் தருகிறது. அதன் கன்று வளர்ந்து பால் தருகிறது. அதைப் போஷிப்பதில் புண்ணியம் இருக்கிறது என்று நம்புகிறவர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். கிழக் குதிரைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அது பால் கறவாது, பெருந்தீனி தின்னும், அதற்காக உண்டியல் வைக்கும் கோயிலும் இல்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம் பழமொழி யானைக்குத்தான் விலை கூறிற்று. குதிரைக்கு அப்படி எவரும் கூறவில்லை. ஆகவே, குதிரையின் முதுமை என்ற விஷயத்தை ஜீவகாருண்யத்தின் ஒரு கிளையாக மட்டும் பார்ப்பது போதாது என்பதும், கணக்கெழுதிக் கொடுத்துத் தீர்க்கவேண்டிய கடனாகவே அதைக் கொள்ளவேண்டும் என்பதும் என் துணிபு.

குதிரையின் ஆயுளைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம். நன்கு பேணப்பட்ட குதிரை இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுகள் வரை உயிர் வாழும். பந்தயக் குதிரையோ இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. 1943 முதல் பம்பாய் மகாலட்சுமிப் பந்தய மைதானத்தில் நடந்துவரும் இந்தியன் டெர்பியில் ஓடுபவை நான்கு வயதுக் குதிரைகளே. பெரும்பாலானவற்றின் ஓட்டம் ஆறேழு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அதாவது, கைதட்டலும் கோப்பையும் பத்திரிகையில் படமும் அதன் வாழ்நாளில் நான்கில் ஒரு பங்குக்கே உரியவை. எஞ்சிய முக்கால் பங்கும் பார்வையாளர் மாடங்களுக்குத் தெரியாமல் கழிகிறது. சவாரிக்கும் வண்டிக்கும் உழைக்கும் குதிரைகள் இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கூடுதலாக உழைக்கலாம். அவற்றுக்கும் கடைசியில் ஐந்தோ பத்தோ ஆண்டுகள் மிச்சம் இருக்கவே செய்கின்றன.

அந்த மிச்ச ஆண்டுகளில் சரீரத்தில் நிகழ்வது யாது? குதிரையின் கடைவாய்ப் பற்கள் மனிதப் பற்களைப் போல ஒருமுறை முளைத்து நின்றுவிடுபவை அல்ல. ஈறுக்குள் நீண்டு புதைந்திருந்து, புல்லை அரைத்துத் தேயத் தேய, ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வீதம் மேலெழுந்துகொண்டே வருபவை. இருபத்தைந்து வயதுக்கு மேல் அந்தச் சேமிப்பு தீர்ந்துபோகிறது. அப்போது குதிரை வைக்கோலை மென்று, விழுங்க மாட்டாமல், எச்சில் ஊறிய சிறு சிறு உருண்டைகளாகக் கீழே உதிர்த்துவிடும். தொட்டி நிறையத் தீனி கிடந்தும் விலா எலும்பு தெரிய மெலியும் குதிரையைக் கண்டு, 'வயசாகிவிட்டது, இனி என்ன போட்டாலும் ஒட்டாது' என்று லாயத்தில் சொல்வார்கள். அந்தக் குதிரைக்கு வேண்டியது அவித்த கொள்ளும், ஊறவைத்த தவிடும், பொடியாக நறுக்கிய பசும்புல்லும், ஆண்டுக்கொரு முறை பல்லை அராவிச் சமன்செய்யும் மருத்துவரின் கையுமே. தேய்ந்த பல்லை விதி என்று எண்ணிக் கைவிடுவது அறியாமை.

உறக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். குதிரை நின்றுகொண்டே உறங்கும் என்பது பலரும் அறிந்தது. ஆழ்ந்த உறக்கத்துக்கு மட்டும் நாளில் அரைமணி முதல் ஒருமணி நேரமாவது அது படுத்தே ஆகவேண்டும் என்பது பலரும் அறியாதது. மூட்டு வாதம் கண்ட கிழக் குதிரை, படுத்தால் எழ முடியாதோ என்ற அச்சத்தால் படுப்பதையே விட்டுவிடுகிறது. நாட்கணக்கில், வாரக்கணக்கில் நின்றபடியே இருந்து, ஒரு கணம் கண் செருகியவுடன் முன்னங்கால் மடங்கித் தடுமாறி விழித்துக்கொள்கிறது. முன்னங்கால் மூட்டின் முகப்பில் ஆறாத தழும்புகளோடு ஒரு குதிரை நின்றால், அது உறக்கத்தை இழந்த குதிரையோ என்று ஐயுற இடமுண்டு. மண்ணோ மணலோ தடிப்பாகப் பரப்பிய, வழுக்காத ஓரிடத்தை அதற்குக் கொடுத்தால் பல சமயம் மறுபடியும் படுக்கத் துணியும். ஒரு சரீரத்துக்கு இதைவிட எளிய உபகாரம் எது இருக்கமுடியும்? இவற்றோடு, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கவேண்டும். சவாரி நின்றுவிட்டது என்பதற்காகக் குளம்பு வளர்வதை நிறுத்துவதில்லை. லாடம் கழற்றப்பட்ட நாளோடு லாடக்காரரின் வரவும் நின்றுபோவதே நடைமுறையில் நாம் காணும் பெருங்குறை.

இனி, இந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். உடைமையாளர் என்று சட்டென்று விடை சொல்லிவிடலாம். ஆனால் எந்த உடைமையாளர்? குதிரையின் வாழ்வில் உடைமை என்பது கைமாறிக்கொண்டே செல்லும் ஒன்று. பந்தயத்தில் பிந்திய குதிரை சவாரிப் பள்ளிக்குப் போகிறது. அங்கே கால் நொண்டினால் கடற்கரையிலோ மலைவாசஸ்தலத்திலோ சுற்றுலாக்காரரைச் சுமக்கப் போகிறது. பிறகு கல்யாண ஊர்வலத்துக்கு. பிறகு சுமை வண்டிக்கு. ஒவ்வொரு விற்பனையிலும் விலை குறைகிறது. வாங்குகிறவரின் வசதியும் குறைகிறது. குதிரையின் தேவையோ ஏறிக்கொண்டே போகிறது. மிகுதியாகச் சம்பாதித்தவர் முதலில் கைகழுவிவிட, மருத்துவச் செலவு உச்சத்தில் இருக்கும் காலத்தில் குதிரை வந்து சேர்வது அன்றாடங் காய்ச்சியான ஒரு குதிரைக்காரரின் வீட்டு வாசலில். கடைசிச் சொந்தக்காரரை மட்டும் கொடியவர் என்று தூற்றுகிறவர்கள் இந்தச் சங்கிலியின் மேற்கண்ணிகளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. விற்பனை என்பது உடைமையை மாற்றலாம். அதுவரை வாங்கிக்கொண்ட உழைப்பின் கடனை அது எப்படி மாற்றும்?

வயதை மறைப்பதே இந்த வியாபாரத்தில் ஒரு தனிக் கலையாக இருந்திருக்கிறது. மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் பத்து வயதளவில் தோன்றி, பதினைந்தில் பாதிப் பல்லளவும் இருபதில் முழுப் பல்லளவும் நீண்டு, பிறகு மேலிருந்து மறையத் தொடங்கி முப்பதில் அடியோடு ஒழிந்துவிடும் ஒரு பள்ளக்கோட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்வெய்ன் என்பவர் பிரபலப்படுத்தினார். இன்றும் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது. பல்லின் மேற்புறத்தைக் குடைந்து கருக்கி, இளம் பல்லின் குழிபோலக் காட்டிக் கிழக் குதிரையை விற்ற தரகர்கள் ஐரோப்பியச் சந்தைகளில் இருந்தார்கள். வயது எழுத்தில் பதிந்திருந்தால் இந்தப் புரட்டுக்கு இடமேது? நம் நாட்டில் பிறக்கும் பந்தயக் குதிரை ஒவ்வொன்றுக்கும் புனேயில் வைத்துப் பேணப்படும் குலப்பதிவேட்டில் பெயரும் தாய் தந்தையும் பிறந்த நாளும் இருக்கின்றன. பிறப்பை இத்தனை சிரத்தையாக எழுதுகிற நாம், விற்பனையையும் வேலை ஓய்வையும் இறப்பையும் அதே சிரத்தையோடு எழுதத் தொடங்கினால், மேற்சொன்ன சங்கிலியில் எந்தக் கண்ணியும் இருளில் மறைய முடியாது.

நம்முடைய பழைய வரலாற்றிலும் இதற்கொரு பாடம் கிடைக்கிறது. குதிரை தமிழகத்தின் மண்ணில் இயல்பாகச் செழித்த விலங்கன்று. சங்க காலந்தொட்டே கடல் வழியாக வந்திறங்கிய பண்டம் அது. மாணிக்கவாசகரைப் பாண்டியன் பொன் கொடுத்து அனுப்பியதும் குதிரை வாங்கத்தான் என்று திருவிளையாடற் கதை சொல்லும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டும் ஆண்டு முடிவில் எஞ்சுபவை மிகச் சில என்றும், அவற்றைப் பேணும் முறையோ லாடம் அடிக்கும் தொழிலோ அறிந்தவர் இங்கில்லை என்றும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரையொன்றுக்கு 220 தினார் விலை பேசப்பட்டதையும், வழியில் கடலில் மாண்ட குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் பணம் செலுத்திற்று என்பதையும் குறித்திருக்கிறார். அயலார் எழுத்தில் மிகை இருக்கலாம். ஆனால் விலையைத் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் பராமரிப்பில் தவறும் செல்வரின் வழக்கத்தை அந்த இரு குறிப்புகளும் சேர்ந்து காட்டுகின்றன. வாங்கும் ஆசை ஒன்று. வைத்துக் காக்கும் அறிவு வேறொன்று. அந்த அறிவை நாம் முற்றும் மதியாமல் இருந்ததும் இல்லை: குதிரையின் இலக்கணமும் நோயும் மருத்துவமும் கூறும் அசுவ சாஸ்திரம் நகுலன் பெயரால் தஞ்சை சரஸ்வதி மகாலில் சித்திரங்களோடு காக்கப்பட்டிருக்கிறது. ஐயனார் கோயில் தோப்பில், கால் உடைந்து நிறம் வெளுத்த மண்குதிரையைக்கூட ஊரார் அப்புறப்படுத்துவதில்லை. புதுக் குதிரை வந்த பின்னும் பழையது அதனிடத்திலேயே நின்று, மழையில் கரைந்து, மண்ணோடு மண்ணாகிறது. சுடுமண்ணுக்குக் கொடுத்த அந்த இடத்தை உயிருள்ள குதிரைக்குக் கொடுக்க நாம் ஏன் தயங்குகிறோம் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

சட்டம் இந்த விஷயத்தில் ஊமையாக இல்லை. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனி மசோதாவின் பயனாகவே, அரசாங்கம் பின்னர்த் தானே பொறுப்பேற்று, 1960இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றிற்று. 1962இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். நாட்டியத்துக்காகவே நாம் நினைவுகூரும் அந்த அம்மையாரின் வாழ்நாட் பணிகளுள் இதுவே பெரிது என்று நான் கருதுகிறேன். அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, விலங்கைத் தன் வசத்தில் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அதன் நலத்தைப் பேணக் கடமைப்பட்டவர் என்கிறது. 11ஆம் பிரிவு, வயதாலோ நோயாலோ தகுதியிழந்த விலங்கை வேலை வாங்குவதும், பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும், தெருவில் சாக விடுவதும் குற்றம் என்கிறது. 35ஆம் பிரிவு, அத்தகைய விலங்கைப் பாஞ்சராபோளுக்கோ சிகிச்சை நிலையத்துக்கோ அனுப்பும் செலவைச் சொந்தக்காரரே ஏற்கவேண்டும் என்று விதித்து, அவர் ஏழையாயின் சிகிச்சைக் கட்டணத்தை நீக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரமும் தருகிறது. இந்தக் கடைசி விதியில் உள்ள ஈரம் கவனிக்கத்தக்கது. ஆனால், முதல் முறை குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த தண்டனை குறைந்தது 10 ரூபாய், மிகுதியாக 50 ரூபாய் அபராதம். அந்தத் தொகை நெடுங்காலம் கடந்தும் அப்படியே நின்றது. ஒரு குதிரையின் ஒருநாள் தீனிச் செலவுக்கும் போதாத அபராதத்துக்கு எவர் அஞ்சுவார்? மேலும், 1965இல் வகுத்த விதிகள், பார விலங்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது, இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது, வெப்பம் 37 பாகைக்கு மேற்பட்டால் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை உழைக்கலாகாது என்று மணிக்கணக்கை நுணுக்கமாக அளந்தன. எத்தனை ஆண்டு உழைத்தபின் ஓய்வு என்பதை அளக்கவில்லை.

பம்பாய் விக்டோரியா வண்டிகளின் முடிவு இந்தக் குறையை வெட்டவெளிச்சமாக்கிற்று. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மரீன் டிரைவ் வரை, வெள்ளித் தகடும் விளக்கும் மினுங்க ஓடிய அந்தச் சாரட்டு வண்டிகளைச் சினிமாவில் காணாத தமிழர் இல்லை. 2015 ஜூன் 8ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் அபய் ஓகாவும் ஏ. கே. மேனனும், உல்லாசச் சவாரிக்காக ஓடும் இந்த வண்டிகள் சட்ட விரோதமானவை என்று தீர்ப்பளித்து, ஓராண்டுக்குள் அவற்றை நிறுத்தவும், அந்தத் தொழிலை நம்பியிருந்தவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் வகுக்கவும் கட்டளையிட்டார்கள். அப்போது உரிமம் பெற்றிருந்தவை சுமார் 130 வண்டிகள். உரிமமற்ற லாயங்களில், காற்றும் நீரும் போதாமல் குதிரைகள் அடைபட்டுக் கிடந்த நிலை அந்த வழக்கில் வெளியாயிற்று. 2021இல் குதிரையில்லாத மின்சார விக்டோரியா தெருவுக்கு வந்தது. தீர்ப்பு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. தார்ச்சாலையில், வாகனப் புகையில், குளம்பு தேய ஓடும் வேலை நின்றே ஆகவேண்டியதுதான். ஆனால் ஒரு தொழிலை நிறுத்தும் நாளில், சொந்தக்காரரின் வருவாய் அன்றைக்கே நின்றுவிடுகிறது. குதிரையின் பசி நிற்பதில்லை. மனிதனுக்கு ஒரு தொகையையோ மாற்றுத் தொழிலையோ கொடுத்து மறுவாழ்வு தந்துவிடலாம். பதினெட்டு வயதுக் குதிரைக்கு மாற்றுத் தொழில் ஏது? அதற்கு வேண்டியது ஒரு கொட்டகையும் பத்தாண்டுத் தீனியும். அதைத் தருவதற்குரிய நிதியை, வண்டிகள் ஓடிய நூறாண்டுக் காலத்தில் உரிமக் கட்டணம் வாங்கிய அரசாங்கமும், சவாரிக்குப் பணம் வாங்கியவரும், உல்லாசம் அனுபவித்த நாமும் சேர்த்துவைத்திருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கிலும் இதே காட்சியே திரும்பிற்று. அப்போது மோட்டார் வாகனம் நுழையாத மாதேரான் மலையிலும், சென்னை மெரினாவிலும் சவாரி நின்றது. மறுவாரமே குதிரைகள் பட்டினியை எதிர்நோக்கின. தொண்டர்கள் தீனி மூட்டைகளைச் சுமந்து ஓடினார்கள். உதகையிலோ ஊரடங்கு வேண்டியதே இல்லை. ஏரிக்கரையில் சவாரிக்கு உதவாத மட்டக்குதிரைகள் சந்தைச் சாலையில் குப்பையைக் கிளறி நிற்பதை அங்கே சென்றுவந்த எவரும் கண்டிருப்பர்.

குதிரையின் ஓய்வைப் பற்றி எழுதுகிறவர் சீரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பரேலிலுள்ள ஹாஃப்கின் நிறுவனம் போன்ற இடங்களில், வேலையிழந்த குதிரைகளின் உடலில் நச்சைச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் விளையும் எதிர்ப்பொருளைப் பிரித்து, பாம்புக்கடிக்கும் வில்வாதத்துக்கும் மருந்து செய்தார்கள். பந்தயக் குதிரைப் பண்ணை வைத்திருந்த பூனாவாலா குடும்பத்தார் தம் ஓய்வுபெற்ற குதிரைகளை ஹாஃப்கினுக்குக் கொடுத்துவந்தார்கள். அந்தச் சீரத்தை நாமே எடுத்தால் என்ன என்று எண்ணியே சைரஸ் பூனாவாலா 1966இல் புனேயில் சீரம் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கினார். உலகில் மிகுதியான தடுப்பூசிகளைச் செய்யும் நிறுவனமாக அது இன்று வளர்ந்திருக்கிறது. நம் பக்கத்துக் கதையும் இதில் கலந்திருக்கிறது: மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் இருளர்கள் அமைத்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சு, மருந்து செய்யும் நிறுவனங்களுக்குச் சென்று, அங்கே குதிரையின் உடலில் ஏறுகிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கும் நாடு நம்முடையது என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்த நிலையில் அந்தக் குதிரைகளின் சேவையை இகழ்வது நன்றிகெட்ட செயலாகும். எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: அது ஓய்வன்று, இரண்டாவது உத்தியோகம், முதலாவதைக் காட்டிலும் கடினமானது. பந்தயத்திலும் உழைத்து, பிறகு மருந்துக்காகவும் இரத்தம் கொடுத்த ஒரு குதிரைக்கு நாம் இருமடங்கு கடன்பட்டவர்கள். இரத்தம் எடுப்பது முடிந்தபின் அதற்குப் புல்வெளி உண்டா என்ற கேள்வியை மருந்துக் குப்பியின் மறுபக்கத்தில் இருக்கும் நாம்தான் கேட்கவேண்டும்.

கடனைக் கழிக்கும் முறைகளுள் மிகக் கடினமானது மரணத்தைப் பற்றியது. முதல் உலகப் போருக்குப் பின் எகிப்தில் தன் குதிரைகளை ஆயிரக்கணக்கில் விற்றுவிட்டு ஊர் திரும்பிற்று பிரிட்டிஷ் ராணுவம். 1930இல் கெய்ரோவுக்கு வந்த டோரதி புரூக் என்ற அம்மையார், அந்தப் போர்க் குதிரைகள் பத்தாண்டுக்கு மேலாகக் கல்லுடைக்கும் இடங்களிலும் சுமை வண்டிகளிலும் எலும்பும் தோலுமாக உழல்வதைக் கண்டு, மறு ஆண்டு லண்டன் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, சுமார் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். அவற்றுள் மிகப் பலவற்றுக்கு அவர் செய்யமுடிந்த உதவி, சில நாள் வயிறாரத் தீனி போட்டு, மெத்தென்ற வைக்கோலில் நிறுத்தி, வலியில்லாமல் உயிரைப் போக்கியதுதான். 1934இல் அவர் அங்கே நிறுவிய மருத்துவமனை பிறகு உலகளாவிய அறநிலையமாயிற்று. இந்தியரான நமக்கு உயிரைப் போக்குவது என்ற சொல்லே கூசும். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில், தீராத வேதனையில் துடித்த கன்று ஒன்றை ஊசி போட்டு விடுவித்ததற்காகக் காந்தியடிகள் பெற்ற வசைக் கடிதங்களுக்குக் கணக்கில்லை. அவரோ அதை அகிம்சையே என்று வாதிட்டார். நம் சட்டத்தின் 13ஆம் பிரிவும், உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று மருத்துவர் சான்றளிக்கும் நிலையில் அதற்கு இடம் தருகிறது. என் அபிப்பிராயத்தில், எழமுடியாமல் வீழ்ந்துவிட்ட குதிரையைத் 'தானாகப் போகட்டும்' என்று வெயிலில் விட்டுவைப்பது பாவத்துக்கு அஞ்சும் செயலாகாது. அது பொறுப்புக்கு அஞ்சும் செயல். ஆனால், தீனிச் செலவுக்குப் பயந்து நடமாடும் குதிரையின் உயிரைப் போக்க இதை ஒரு சாக்காகக் கொள்வதையும் அதே உறுதியோடு மறுக்கிறேன்.

செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? இருக்கிறது, நம் தமிழ்நாட்டு வனத்துறையே செய்து காட்டியிருக்கிறது. ஆனைமலைக் கோழிகமுத்தி முகாமின் கும்கி யானை கலீம், காட்டு யானைகளைப் பிடிக்கும் பணிகளில் நெடுங்காலம் உழைத்து, 2023 மார்ச்சில் 60ஆம் வயதில் ஓய்வு பெற்றபோது, அதிகாரிகள் வரிசையாக நின்று மரியாதை செய்தார்கள். வேலை நின்றபின்னும் உணவும் மருத்துவமும் பாகனும் அதற்கு உண்டு. விலங்குக்கு ஓய்வு வயதும் ஓய்வூதியமும் என்பது கேலிக்குரிய கற்பனையன்று என்பதற்கு இது போதிய சான்று. பிரிட்டனில் பந்தயத் துறையினர் தாமே நிதி வழங்கி, ஓடி ஓய்ந்த குதிரைகளை வேறு வாழ்வுக்குப் பழக்கும் ஓர் அறநிலையத்தை 2000இல் தொடங்கினார்கள். இங்கேயும், பந்தயக் குதிரை பரிசு வெல்லும் நாளிலேயே அந்தப் பரிசில் ஒரு பங்கு அதன் பெயருக்கு வைக்கப்படட்டும். சவாரிக் குதிரைக்கு உரிமம் தரும் நகரசபை ஒவ்வொரு சவாரிக் கட்டணத்திலும் ஒரு சிறு தொகையைப் பிடித்துத் தனிக் கணக்கில் போடட்டும். குதிரை எத்தனை கை மாறினாலும் அந்தக் கணக்கு அதனுடனேயே செல்லட்டும். இளமையில் ஈட்டியதில் ஒரு பங்கை முதுமைக்கு ஒதுக்குவது மாதச் சம்பளக்காரர் பலரும் வருங்கால வைப்பு நிதியில் செய்துவருவதே. மகாலட்சுமியில் 1883 முதல் குதிரைகள் ஓடுகின்றன; 2024இல் அந்த மைதானத்தின் 120 ஏக்கரைப் பூங்காவுக்கென்று மாநகராட்சிக்கு ஒதுக்கியபோது, அதில் ஓரிரு ஏக்கரையாவது அங்கே ஓடிய குதிரைகளின் முதுமைக்கு விடவேண்டும் என்று கோரும் குரல் நம்முடையதாக ஏன் இருந்திருக்கக் கூடாது?

கல்யாண காலத்து இரவுகளில் எங்கள் சான்பாடாத் தெருக்களிலும் வெள்ளைப் பெண்குதிரை வருகிறது. ஜரிகைப் போர்வையும் நெற்றிப்பட்டமும் குஞ்சமும் அணிந்து, செண்டை போல அதிரும் ஒலிபெருக்கிகளுக்கும் வாணவெடிகளுக்கும் நடுவே அது அடியெடுத்து வைக்கும். சென்ற ஆண்டு ஒருநாள், ஊர்வலம் புறப்படுமுன் மண்டபத்து மதிலோரம் கட்டியிருந்த அத்தகைய குதிரையொன்றின் அருகே சற்று நேரம் நின்றேன். கண்ணுக்கு மேலே குழி ஆழ்ந்திருந்தது, கீழுதடு தொங்கிற்று, ஒரு பின்னங்காலை மாற்றி மற்றொன்றை ஊன்றிக்கொண்டே இருந்தது. அதன் பக்கத்தில் குந்தியிருந்த இளைஞர் தம் ரொட்டியில் பாதியைப் பிட்டு அதற்கு ஊட்டினார். அது நெடுநேரம் மென்றது. அவரிடம் அன்பு இருந்தது. கிழக் குதிரைக்குக் கொட்டகை கட்டும் பணம் அவரிடம் இல்லை.

ஜானவாசத்துக்குச் சாரட்டு வைத்த காலம் போய், இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இப்போது மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றுகிறார்கள். அவர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். குதிரைக்கு முன்பணம் கொடுக்கும்போது அதன் வயதைக் கேளுங்கள்; பகலில் போய் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள்; அது நொண்டினாலும், கண் குழிந்து மெலிந்திருந்தாலும் சவாரி வேண்டாமென்று சொல்லி, பேசிய பணத்தை மட்டும் குறைக்காமல் அதன் தீனிக்கென்று கொடுத்துவிடுங்கள். மாப்பிள்ளை நடந்தே வரலாம்.